க்ளோரியின் அரைமணி நேரம்

உள்ளே நம்மளை விடமாட்டாங்க தங்கச்சி. டோக்கன் யார் பேர்ல இருக்கோ அவங்க மட்டும்தான். நான் வந்ததுமே கேட்டுப் பார்த்துட்டேன். பெத்தவ நான், சும்மா ஒரு ஓரமா நிக்கேனேன்னு. அந்த வாட்ச்மேன் தம்பி சிரிச்சுக்கிட்டே கையை இந்தப் பக்கம் காட்டிட்டான். வாங்க, இப்படி ஷீட் நிழல்ல உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடுது. இதுல உக்காருங்க.

இப்ப உள்ள போனது உங்க பையனா? நல்ல லட்சணமா இருக்கான். பேரு? இசக்கிராஜா. அம்பாசமுத்திரமா நீங்க? நாங்க சாயர்புரம். என் பேரு ராஜகனி. என் மகளும் உள்ளதான் நிக்கா. பியூலா. நீலச் சுடிதார். உங்க பையன் எதுக்குப் பாஸ்போர்ட்...

டாக்டருக்குப் படிக்கவா? வெளிநாட்டுலயா?

ஆண்டவரே.

இல்ல இல்ல, பயந்துராதீங்க. நான் கெட்டது சொல்ல வரல. என் மகளும் அதுக்குத்தான் போனா. கடைசி வருஷம் பாக்கி, திரும்பப் போறா, அதுக்குத்தான் இப்ப புதுப் பாஸ்போர்ட்டு. எந்த நாடுன்னு கேக்காதீங்க. மலையும் பனியுமா ஒரு நாடு. பேரைச் சொன்னா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது.

உங்க ஏஜென்ட் என்ன சொன்னான்? 'ஒண்ணும் பயமில்லம்மா, அங்க நம்ம எம்பசி இருக்கு, பிள்ளைகளைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துப்பாங்க' அப்படின்னு சொல்லியிருப்பானே? சொன்னானா? பார்த்தீங்களா. எனக்கும் அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல. எல்லா ஏஜென்ட்டுக்கும் ஒரே வாத்தியார் போல.

எம்பசி இருக்கு, கேட்டீங்களா. இல்லைன்னு நான் சொல்லல. கட்டடம் அழகா இருக்கு, வாசல்ல கொடி பறக்குது. பியூலா போட்டோ அனுப்பியிருக்கா. சுதந்திர தினத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு கொடியேத்தி லட்டு குடுப்பாங்க. ஒரு வருஷம் பொங்கல் கூட வச்சாங்களாம், கரும்புக்குப் பதிலா ஏதோ ஒரு குச்சியை நட்டு. அந்த மட்டுக்கும் ஒரு குறையும் கிடையாது. லட்டு நல்ல லட்டுன்னுதான் அவளும் சொன்னா.

அவளைச் சேர்க்கிறதுக்கு முன்னால என் மூத்தவன் திருப்பூர்லயிருந்து எம்பசிக்கு ஒரு மெயில் போட்டான். இந்தக் காலேஜ் நல்ல காலேஜா, என் தங்கச்சியைச் சேர்க்கலாமான்னு. பதில் வந்துது. நாங்கள் எந்தக் கல்லூரியையும் சிபாரிசு செய்வதில்லை, அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட்டுகளை நம்பாதீர்கள். இவ்வளவுதான். நல்ல காலேஜுன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துரும். ஏஜென்ட்டைக் கேட்டோம். அவன் ஒரே வார்த்தையில 'நல்ல காலேஜ்'னுட்டான். யார் உதவி பண்ணினது, நீங்களே சொல்லுங்க.

போனதும் எம்பசியில பேரைப் பதிஞ்சு வைங்கன்னாங்க. எந்த ஹாஸ்டல், என்ன நம்பர், எல்லாம். பதிஞ்சா. அதுக்கப்புறம் ஹாஸ்டல் மாத்தினா. மாத்தினதைச் சொல்லணுமாம். ஏன் மக்களே சொல்லலன்னு பின்னால கேட்டேன். 'மறந்துட்டேம்மா'ன்னா. சின்னப் பிள்ளை, மறக்கத்தான் செய்யும். பெரிய ஆபீஸ் வச்சிருக்கிறவங்க தேடிக் கண்டுபிடிக்க வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வாரேன்.

போன வருஷம் அங்க ஒரு கலவரம். எவனோ ஒரு பையனுக்கும் இன்னொருத்தனுக்கும் கடைத்தெருவுல அடிதடி, வெளிநாட்டுப் பிள்ளைங்கதான் அடிச்சுட்டாங்கன்னு புரளி. அவ்வளவுதான், அந்த ஊர்க்காரனுவ கூட்டமாக் கிளம்பிட்டானுவ. வெளிநாட்டுப் பிள்ளைங்க தங்கியிருக்கிற ஹாஸ்டல் ஹாஸ்டலாப் போயி கல்லெறி. விடியக்காலம் எங்க வாட்ஸாப்புல எம்பசி அறிக்கை வந்து விழுது. 'மாணவர்கள் வெளியே வர வேண்டாம். உள்ளேயே இருங்கள். அவசரத் தேவைக்கு இந்த இரண்டு எண்களை அழையுங்கள்.' கல்லெறியிற ஊர்ல வெளியே வர வேண்டாமாம்! இந்த ஞானம் எங்களுக்கு வந்திருக்கவே வந்திருக்காது. எம்பசி சொன்னதால தெரிஞ்சுக்கிட்டோம்.

பியூலாவுக்கு வாட்ஸாப்புல அடிச்சா போகல. நெட்டை அந்த ஊர் அரசாங்கம் வெட்டிடுச்சு. நான் திரும்பத் திரும்ப அடிக்கேன். நீங்களும் பிள்ளை பெத்தவங்கதான்.

எங்க பக்கத்துப் பிள்ளைகள்ல அந்தக் காலேஜுல படிக்கிறது நிறைய. பெத்தவங்க எல்லாம் ஒரு குரூப் வச்சிருக்கோம். அன்னைக்கு எல்லாரும் அழுகை. எல்லாரும் ஒரே நேரத்துல எம்பசிக்கு அடிக்காங்க, பிறகு எல்லாரும் ஒரே நேரத்துல சோர்ந்து போயி வைக்காங்க. நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். அப்பத்தான் ஆண்டவர் எனக்கு அந்த யோசனையைத் தந்தார்.

எங்க சபையில சங்கிலி ஜெபம்னு ஒண்ணு உண்டு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, சொல்றேன். யாருக்காவது பெரிய கஷ்டம்னா ஒரு நாள் முழுக்க ஜெபம் நிக்காம நடக்கும். ஆளுக்கு அரைமணி நேரம். நான் முடிக்கும்போது அடுத்த ஆள் தொடங்கிரும். அவங்க முடிக்கும்போது அதுக்கடுத்த ஆள். இடையில ஒரு இமைப்பொழுதுகூட விடக்கூடாது. விட்டா சங்கிலி அறுந்துரும்.

அதையே இதுக்கும் செஞ்சா என்னன்னு குரூப்புல போட்டேன். ஆளுக்கு அரைமணி நேரம். எம்பசி நம்பரை விடாமப் பிடிச்சுக்கிடணும். அவங்க வச்சா உடனே திரும்ப அடிக்கணும். நம்ம நேரம் முடிஞ்சதும் அடுத்த ஆள் அடிக்கணும். ரெண்டு நம்பர் இருக்கே, ரெண்டுக்கும் ரெண்டு சங்கிலி. ஒண்ணுக்கு நான் பொறுப்பு, இன்னொண்ணுக்கு தங்கையா அண்ணன் பொறுப்பு. அவங்க பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. யாரு தூங்கினாலும் விசிலடிச்சு எழுப்பிருவாங்க.

நீங்க நம்பமாட்டீங்க. விடியக்காலம் தொடங்கினது, மறுநாள் விடியிற வரைக்கும் ஒரு கண்ணி அறுந்து போகல. எத்தனை தடவை சபையில சங்கிலி ஜெபம் வச்சிருக்கோம், மதியச் சாப்பாட்டுக்கு மேல எவனாவது ஒருத்தன் தூங்கிருவான். அன்னைக்கு ஒருத்தரும் தூங்கல. எல்லாம் கிருபை.

எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்? எட்டாங்கிளாஸ். மூத்தவன் ஒரு தாள்ல தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்தான். 'சார், ஐ ஆம் ராஜகனி, மதர் ஆஃப் பியூலா, ப்ளீஸ் சேவ் மை சைல்ட்.' அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பக்கம் எடுத்தவர் மிஸ்ரான்னு ஒரு மகராசன். முதல்ல மரியாதையாத்தான் பேசினார். 'எஸ் மேடம், எழுதிக்கிட்டேன் மேடம்'னார். வச்சார். நான் அடிச்சேன். 'சார், ஐ ஆம் ராஜகனி.' திரும்ப 'எஸ் மேடம்'. இப்படியே அரைமணி நேரம். அதுக்கப்புறம் எங்க சபை க்ளோரி, அவ மகளும் அங்கதான் படிக்கா, அதுக்கப்புறம் நாசரேத் வாத்தியார் வீட்டம்மா, அப்படியே போகும். என் முறை திரும்ப வரும்போது நான் வாயைத் திறக்கல, அவரே 'ராஜகனி மேடம்' அப்படின்னார். பார்த்துக்கிடுங்க.

பேச வராதவங்க என்ன செய்யன்னு கேட்டாங்க. தங்கையா அண்ணன்தான் வழி சொன்னாங்க. பேசத் தெரியலன்னா என்ன, எடுத்ததும் ஜெபம் பண்ணு. அந்த மனுஷன் காதுல விழட்டும், மனசு இளகும்னு. அப்படியே செஞ்சாங்க. ஒருத்தி தமிழ்ல ஜெபம் பண்ண, மிஸ்ரா 'ஹலோ ஹலோ'ன்னு கத்த. நல்ல காரியம் காதுல விழுந்தா சிலருக்குக் கசக்கத்தான் செய்யும்.

மதியத்துக்கு மேல அவர் தொனி மாறிடுச்சு. 'மேடம், தயவு செஞ்சு லைனை விடுங்க. பிள்ளைங்க கூப்பிடுவாங்க மேடம்'னார். இங்கிலீஷ்லதான். அந்த மட்டுக்கும் எனக்குப் புரிஞ்சுது. எனக்கு வந்ததே ஒரு கோவம்! பிள்ளைங்க கூப்பிடுவாங்களாம். நாங்க யாருக்காகக் கூப்பிடுதோம்? பிள்ளைங்களுக்காகத்தானே? கடைசியில எங்க குரூப்புல யாருகிட்டயோ கேட்டு தமிழ்ல ஒரே ஒரு வார்த்தை கத்துக்கிட்டார். 'வைங்க'. எடுத்ததும் 'வைங்க'. இவ்வளவு பெரிய சர்க்கார், இவ்வளவு பெரிய எம்பசி, ஒரு தாய்க்குச் சொல்ல அவங்ககிட்ட இருந்த ஒரே வார்த்தை அதுதான்.

நாங்க வைக்கல.

தண்ணி குடிக்கீங்களா? பாட்டில் வீட்டுத் தண்ணிதான், குடிங்க. சீரகம் போட்டிருக்கேன்.

இப்ப பிள்ளைங்க பக்கம் சொல்றேன். இதைக் கேட்டா எம்பசி லட்சணம் உங்களுக்கு நல்லா விளங்கும்.

பியூலா இருந்த ஹாஸ்டலுக்கு முற்பகலே கூட்டம் வந்துருச்சு. கண்ணாடி எல்லாம் நொறுங்குது. பிள்ளைங்க பின்கட்டுக்கு ஓட்டம். என் மகளோட ஒரே ரூம்ல இருந்தவ ஹெப்சி. நம்ம க்ளோரி மக. ஒல்லியா, கொடி மாதிரி இருப்பா. பயத்துல மாடிப்படி ஜன்னல் வழியாப் பின்பக்கம் குதிச்சுட்டா. முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டா முறிஞ்சுருச்சு. பியூலாவும் இன்னொருத்தியுமா அவளைச் சமையல்கட்டுக்குள்ள இழுத்துக் கொண்டுபோயி கதவை அடைச்சுக்கிட்டாங்க. சப்பாத்திக் கட்டையை வச்சு, துப்பட்டாவைக் கிழிச்சு, காலை அசையாமக் கட்டியிருக்கா என் மக. நாலாம் வருஷம் படிக்கிற பிள்ளை. 

அந்த ஊர் ஆம்புலன்ஸ் போலீஸ் இல்லாம அந்தத் தெருவுக்குள்ள வராதுன்னுட்டான். காலேஜுல போனை ஆஃப் பண்ணி வச்சுட்டான். போலீஸையும் வண்டியையும் எம்பசி அனுப்புதுன்னு பிள்ளைங்க மத்தியில தகவல். எந்த ஹாஸ்டல்லயிருந்து போன் வருதோ அந்த ஹாஸ்டலுக்குப் பஸ் வருமாம். பியூலா அடிக்கா. பிஸி. அடுத்த நம்பருக்கு அடிக்கா. பிஸி. பகல் முழுக்க அடிக்கா. பிஸி, பிஸி, பிஸி. நெட்டும் இல்ல. போன்ல சார்ஜும் இறங்கிக்கிட்டே வருது. எனக்குக்கூட ஒரு தடவை அடிச்சுப் பார்த்திருக்கா. என் போனும் பிஸி. நான் அவளுக்காகப் போராடிக்கிட்டு இருக்கேன்னு அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

நான் கேக்கேன் தங்கச்சி. பிள்ளைங்க உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கும்போது பகல் பூராவும் அந்த மிஸ்ரா யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தார்? யார்கூட அப்படி என்ன பேச்சு?

ஏன் என்னை அப்படிப் பார்க்கீங்க? குடிங்க, தண்ணியைக் குடிங்க.

மறுநாள் விடிஞ்ச பிறகு வந்தாராம் மகாராஜா. நேர்ல. ஒரு கார், ரெண்டு போலீஸ்காரன். நெத்தியில ஒரு பிளாஸ்திரி, சட்டையெல்லாம் ரத்தக்கறை. போனை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு, ராத்திரி பூராவும் ஒவ்வொரு ஹாஸ்டலா நடந்து தட்டிக்கிட்டே வந்தாராம். போனை ஒழுங்கா எடுத்திருந்தா இந்த நடை எதுக்கு? கல்லு எதுக்கு மண்டையில விழுது? ஆனா ஒண்ணு, ஹெப்சியை அவரே தூக்கிக் கார்ல வச்சாராம். அதைச் சொல்லணும், பொய் சொல்லக்கூடாது. அப்புறம் பியூலாவைப் பார்த்து பேரு கேட்டிருக்கார். சொன்னா. அந்த மனுஷன் அப்படியே நின்னுட்டாராம். 'பியூலா? டாட்டர் ஆஃப் ராஜகனி?' அப்படின்னாராம்!

எப்படி இருக்கு? சாயர்புரத்துல இருக்கிற ராஜகனி பேரு எம்பசி அதிகாரிக்கு மனப்பாடம். சங்கிலி அறுந்து போகலன்னா இதுதான் பலன்.

அப்புறம் அவர் பியூலாகிட்ட என்னமோ சொல்லியிருக்கார். நான் எத்தனையோ தடவை கேட்டுட்டேன், என்ன மக்களே சொன்னாருன்னு. 'ஒண்ணுமில்லம்மா'ங்கா. எம்பசி ரகசியமா இருக்கும்.

அப்புறம் நாலு நல்ல காரியமும் செஞ்சாங்க, இல்லைன்னு சொல்லல. பாஸ்போர்ட்டை விசா புதுப்பிக்கக் காலேஜு வாங்கி வச்சிருந்துச்சு, காலேஜோ பூட்டிக் கிடக்கு. எம்பசியில ஒரு தாளு குடுத்தாங்க, போட்டோ ஒட்டி. அதை வச்சுத்தான் ஊர் வந்து சேர்ந்தா. ஒத்தைத் தாளு! கல்யாணப் பத்திரிகைகூட அதைவிடக் கனமா இருக்கும். அதைக் கையில குடுத்து ஏரோப்ளேன்ல ஏத்திவிட்டாங்க. பெரிய மனசு.

ஹெப்சிக்கு இங்க வந்துதான் ஆபரேஷன். கம்பி வச்சிருக்கு. முறிஞ்ச அன்னைக்கு மதியமே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா நேராச் சேர்ந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம். இப்ப கோல் ஊனித்தான் நடக்கா. படிப்புக்கு இந்த வருஷம் திரும்பப் போகல. க்ளோரியை நினைச்சாத்தான் எனக்குத் தாங்காது. அன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு அவ முறை. மக அங்க சமையல்கட்டுல கிடக்கா, இவ இங்க போனைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே, ஒரு நொடி விடாம... அவளைப்போல உண்மையா யாரும் பிடிக்கல. மத்தவங்க ஒரு மூச்சு விட்டு அடிப்பாங்க. அவ அதுகூட விடல.

எல்லாம் அந்த எம்பசிக்காரன் செஞ்ச வேலை. நல்லா இருக்கட்டும். அவருக்காகவும் நான் தினம் ஜெபம் பண்ணத்தான் செய்யுதேன்.

பியூலா வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில எழும்பி நின்னு, ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சாட்சியாச் சொன்னேன். பெரிய கூட்டம். சங்கிலி எப்படிப் போட்டோம், யாரு யாரு பிடிச்சாங்க, விடிய விடிய ஒரு நிமிஷம்கூட எம்பசி லைனை ஆறவிடலன்னு எல்லாம் சொன்னேன். சனங்க கைதட்டுது, ஸ்தோத்திரம் சொல்லுது. சபை நடத்துற ஐயர் எழும்பி, இந்தச் சகோதரியைப் பாருங்க, விசுவாசம்னா இதுன்னார். திரும்பிப் பார்க்கேன், பியூலாவைக் காணும். வெளியில கிணத்தடியில நிக்கா. முகம் கழுவிக்கிட்டே இருக்கா. கழுவிக்கிட்டே இருக்கா. சந்தோஷத்துல அழுதிருக்கா பிள்ளை, சனங்க பார்க்க வெட்கம்.

அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்து என் கையைப் பிடிச்சா. அந்த உள்ளங்கையை அப்படியே தடவிக்கிட்டே சொன்னா: 'அம்மா, அடுத்த தடவை ஏதாவதுன்னா நீங்க சாமிகிட்ட மட்டும் பேசுங்க. அந்த லைன்தான் எத்தனை பேரு பேசினாலும் பிஸி ஆகாது.'

பார்த்தீங்களா! பைபிளைத் தொடச் சொன்னாலே தலைவலின்னு படுத்துக்கிடுற பிள்ளை. அவ வாயிலயிருந்து இப்படி ஒரு வார்த்தை. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. ஆவிக்குரிய வளர்ச்சி, வேற என்ன? எம்பசி சரியில்ல, சாமிதான் சரின்னு அவளுக்கே பட்டுப்போச்சு.

எப்பவாவது, தனியா இருக்கும்போது, துணி மடிக்கும்போது, திடீர்னு ஒரு நினைப்பு வரும் தங்கச்சி. அந்த மிஸ்ரா 'பிள்ளைங்க கூப்பிடுவாங்க'ன்னாரே... அப்படின்னு. அதுக்கு மேல நான் அதைப் போகவிடமாட்டேன். அது பிசாசு கொண்டாந்து போடுற நினைப்பு. பிள்ளைக்காகப் பாடுபட்ட தாயோட மனசை உடைக்கணும்னா அவன் இப்படித்தான் வருவான். உடனே எழும்பி ஜெபம் பண்ணித் துரத்திருவேன். அவன் போயிருவான். திரும்ப வருவான், அது வேற. நான் திரும்பத் துரத்துவேன்.

க்ளோரி இப்ப குரூப்புல இல்ல. வெளியே போயிட்டா. ஏன்னு தெரியல. சபைக் கோயில்லயும் அந்தக் கடைசி பெஞ்சுல போயி உக்காந்துக்கிடுதா. நான் ஸ்தோத்திரம்னா அவளும் ஸ்தோத்திரம்னு சொல்லுதா, முகத்தைப் பார்க்கமாட்டேங்கா. பாவம், மக கஷ்டம் அவளுக்கு. பியூலாதான் வாராவாரம் ஹெப்சியைப் போயிப் பார்க்கா. என்னை வர வேண்டாம்னுருவா. 'நான் மட்டும் போயிட்டு வாரேம்மா' அப்படின்னு.

உங்க பையன் எந்த மாசம் கிளம்புதான்? செப்டம்பரா? அதே நாட்டுக்கா! நல்லதாப் போச்சு. எம்பசியை நம்பி விட்டுராதீங்க. லட்டு திங்க வேணா நம்பலாம். நாங்க இருக்கோம். இந்தாங்க, போனை எடுங்க. ரெண்டு நம்பரையும் சொல்றேன், பதிஞ்சு வச்சுக்கிடுங்க. மறுபடி ஏதாவதுன்னா சங்கிலி தயாரா நிக்கணும் இல்லையா? போன தடவை மாதிரி நான் உக்காந்து யோசிக்கிற வரைக்கும் நேரத்தை வீணாக்கக்கூடாது. தங்கையா அண்ணன் எல்லாருக்கும் நேரம் ஒதுக்கி வச்சுட்டாங்க. நீங்க எங்க சாமியைக் கும்பிடணும்னுகூட இல்ல. உங்க சாமியைக் கும்பிட்டுக்கிட்டே பிடிங்க, யாரு வேண்டாம்னா? விடாமப் பிடிக்கணும், அதுதான் முக்கியம்.

ஏன் போனை எடுக்கமாட்டேங்கீங்க? சார்ஜ் இல்லையா?

இருங்க, பியூலா வந்துட்டா. நீலச் சுடிதார், அதோ படியில. அவ முன்னால இந்தப் பேச்சு வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. சீக்கிரம் உங்க நம்பரைச் சொல்லுங்க, நானே சேர்த்துக்கிடுதேன். மதியம் ரெண்டு மணிக்கு உங்களுக்கு ஒத்து வருமா? க்ளோரியோட நேரம்தான். இப்ப காலியாத்தான் கிடக்கு.